வாசலில் எடுக்கும் முடிவு

காலையில் வெளியே கிளம்பும்போது கதவருகே ஒரு கணம் நிற்கிறோம். ஆணியில் வண்டிச் சாவி தொங்குகிறது. நடந்தால் ஆறேழு நிமிடத்தில் பேருந்து நிறுத்தம். கை சாவியை எடுக்குமா எடுக்காதா என்பது பத்து விநாடியில் முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து விநாடியில் பூமி சூடாவதோ கடல்மட்டம் உயர்வதோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் வருவதில்லை. பஸ் எப்போது வரும், உட்கார இடம் கிடைக்குமா, வெயிலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், திரும்பும்போது கையில் பாரம் இருக்குமா என்பவைதான் மனதில் ஓடுகின்றன.

உலகில் எரிபொருளாலும் மின்சாரத்தாலும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போக்குவரத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி சாலை வாகனங்களுடையது. இவ்வளவு பெரிய கணக்கு, கோடிக்கணக்கான வாசல்களில் எடுக்கப்படும் அந்தச் சின்னச் சின்ன முடிவுகளால் ஆனது. அதனால்தான் ‘எல்லோரும் மனம் மாற வேண்டும்’ என்ற அறிவுரை அடிக்கடி காதில் விழுகிறது. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பார்கள். நகரப் பயணத்தைக் கவனிக்கக் கவனிக்க எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது: மார்க்கம் இருந்தால் மனம் தானாக வருகிறது. நிழலான நடைபாதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸும் உள்ள இடத்தில், சுற்றுச்சூழலைப் பற்றி ஒருநாளும் யோசிக்காதவர்கூடச் சாவியை எடுப்பதில்லை. இரண்டும் இல்லாத இடத்தில், அதைப் பற்றியே கவலைப்படுபவரும் வண்டியை எடுத்துவிடுகிறார்.

காத்திருக்கும் நேரம்

ஒருமுறை ஒரு மாதம் முழுக்க, நிறுத்தத்தில் நின்ற நேரத்தைச் சின்ன நோட்டு ஒன்றில் குறித்துவைத்தேன். கடைசியில் புரட்டிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நீண்ட காத்திருப்பெல்லாம் என்னைச் சோர்வடையச் செய்யவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்புதான் ஆளைச் சோர்வாக்கியது. பன்னிரண்டு நிமிடம் என்று தெரிந்தால் ஒரு கடிதத்தைப் படித்து முடிக்கலாம். ஐந்து நிமிடமா முப்பது நிமிடமா என்று தெரியாதபோது, சாலை வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடிவதில்லை.

போக்குவரத்துத் துறையில் இது பழைய பாடம். பயணத் திட்டக் கணக்குகளில், ஓடும் வண்டிக்குள் கழியும் நிமிடத்தை ஒன்றாக வைத்தால், நிறுத்தத்தில் நிற்கும் நிமிடத்தை ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை பெருக்கி எடுத்துக்கொள்வது வழக்கம். மனிதருக்கு அது அவ்வளவு கனமாக இருக்கிறது. ஆகவே பஸ்ஸின் வேகத்தைக் கூட்டுவதைவிட அது அடிக்கடி வரும்படி செய்வதில் பல சமயம் பலன் அதிகம். பத்து நிமிடத்துக்குள் ஒரு பஸ் உறுதி என்றால் யாரும் கால அட்டவணையைத் தேடுவதில்லை. நினைத்தபோது கிளம்புகிறார்கள். காருக்கு இருக்கும் பெரிய கவர்ச்சியும் இந்த நினைத்தபோது கிளம்பும் வசதிதான்.

சரி, அடிக்கடி விட்டால் போதுமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் ஆறு பஸ்கள். சீராக வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். அதே ஆறும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறைதான் பஸ் வருகிறது. சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடமாகிவிடும். பதிவேட்டில் ஆறு பஸ்கள் ஓடியதாகவே இருக்கும். ஓட்டுநர்களும் முழு வேலை செய்திருப்பார்கள், டீசலும் அதே அளவு எரிந்திருக்கும். நிறுத்தத்தில் நின்றவருக்கு மட்டும் பாதிச் சேவைதான் கிடைத்திருக்கும்.

வெகுநேரம் ஒன்றுமே வராமல், அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல் வருவதைப் பார்த்து, ஓட்டுநர்கள் எங்கோ சேர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறார்கள் என்று கோபப்படுபவர்கள் உண்டு. பாவம், அவர்கள் மேல் பழியே இல்லை. முன்னால் போகும் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதமாகிறது என்று வையுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரம் பிடிக்கிறது. தாமதம் மூன்று நிமிடமாகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெரிது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்றிக்கொள்ள ஆளே இல்லை, ஆகவே அது விரைந்து வந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடுகிறது. முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை நெரிசல், பின்னால் வருவதில் காலி இருக்கைகள். 1964இல் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். தானாக விட்டால் பஸ்களின் இடைவெளி சீராக நிற்காது. ஒரு சின்னத் தடுமாற்றம் போதும், அது தானே வளர்ந்துவிடும்.

ஆக, அந்த முதல் இரண்டு நிமிடத் தாமதத்தைத் தடுக்க வேண்டும். பஸ்ஸுக்கென்று தனித் தடம் கொடுத்தால், முன்னால் நிற்கும் கார்களின் வரிசை அதைத் தடுக்காது. ஏறும் முன்பே சீட்டு வாங்கிக்கொண்டு எல்லாக் கதவுகளிலும் ஏறினால், கூட்டம் கூடினாலும் நிற்கும் நேரம் பெரிதாகக் கூடாது. பஸ் நெருங்குவதை உணர்ந்து பச்சை விளக்கைச் சற்று நீட்டிக் கொடுக்கும் சிக்னல்களும் இருக்கின்றன. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974இலேயே பஸ்களுக்குத் தனித் தடம் போட்டது. அதன் மேயராக இருந்த ஜெய்மி லெர்னர் அடிப்படையில் கட்டடக் கலைஞர். 1991இல் அங்கே கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்கள் வந்தன. உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடலாம், மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம், படி ஏறவே தேவையில்லை. சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வருபவரும் மற்றவர்களைப் போலவே உள்ளே போகலாம். சுரங்க ரயில் தோண்டும் பணம் இல்லாத நகரம், சுரங்க ரயிலின் நல்ல குணங்களை எடுத்துப் பஸ்ஸுக்குக் கொடுத்தது. 2000இன் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா இதே வழியில் இன்னும் பெரிதாகத் தொடங்கியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972இல் எழுதியது. சாலையில் கூடுதலாக ஒரு கார் வந்தால், மற்ற எல்லாருடைய பயணமும் கொஞ்சம் மெதுவாகிறது. பஸ்ஸுக்குக் கூடுதலாகப் பயணிகள் வந்தால் நடப்பது வேறு. ஆள் கூடினால் இன்னும் சில பஸ்கள் விட வேண்டிவரும். பஸ்கள் கூடினால் எல்லாருக்கும் காத்திருப்பு குறையும். காத்திருப்பு குறைந்தால் இன்னும் ஆள் வரும். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தால் நமக்குச் சிரமம், அவரே பஸ்ஸில் ஏறினால் நமக்கும் அது உதவி. இந்தச் சுழல் எதிர்த் திசையிலும் சுற்றும் என்பதுதான் வேதனை. செலவைக் குறைக்க இரண்டு பஸ்களை நிறுத்துகிறார்கள், காத்திருப்பு கூடுகிறது, முடிந்தவர்கள் வண்டி வாங்குகிறார்கள், கூட்டம் குறைந்தது என்று இன்னும் இரண்டை நிறுத்துகிறார்கள். கடைசியில் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் நிறுத்தத்தில் மிஞ்சுகிறார்கள். அவர்களுடைய குரல் எங்கும் எட்டுவதில்லை.

கட்டணத்தை எடுத்துவிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற எண்ணமும் உண்டு. எஸ்டோனியாவின் தலைநகர் தாலின், 2013இல் தன் நகரவாசிகளுக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. அடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, காரை விட்டுவிட்டு வந்தவர்களைவிட, முன்பு நடந்து போய்க்கொண்டிருந்து பஸ்ஸுக்கு மாறியவர்களே கவனிக்கும்படி இருந்தார்கள். ஏழைகளுக்கு அது பெரிய உதவி, அந்த வகையில் நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் வாசலில் சாவியை நோக்கிப் போகும் கையை இழுத்துப் பிடிப்பது பணத்தைக் காட்டிலும் நேரம்தான்.

யாருக்கு எவ்வளவு இடம்

ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரம் 1990களின் தொடக்கத்தில் ஒரு சுவரொட்டி வெளியிட்டது. ஒரே தெரு, மூன்று படங்கள். 72 பேர் சைக்கிள்களோடு நிற்கிறார்கள், 72 பேர் ஒரு பஸ்ஸோடு, அதே 72 பேர் கார்களோடு. ஒரு காரில் சராசரியாக 1.2 பேர் என்று வைத்து 60 கார்கள். சைக்கிள்கள் 90 சதுர மீட்டர், பஸ் 30 சதுர மீட்டர், கார்கள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். கார்ப் படத்தில் தெரு கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிரம்பிக் கிடக்கிறது. இது அசையாமல் நிற்கும்போது பிடிக்கும் இடம்தான். ஓடும்போது முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் விரியும்.

நகரத்தில் எதை வேண்டுமானாலும் கூடுதலாகத் தயாரிக்கலாம், தெருவின் அகலத்தை முடியாது. இருபக்கமும் வீடுகள் எழும்பிய பிறகு அது அவ்வளவுதான். அந்த அகலத்தை ஓடும் கார், நிற்கும் கார், பஸ், சைக்கிள், நடப்பவர், மரம் என்று பங்கு போட வேண்டியிருக்கிறது. மரமும் நடப்பவரும் கேட்கத் தெரியாதவர்கள் என்பதால் வழக்கமாக அவர்களுடைய பங்கில்தான் முதலில் கை வைக்கப்படுகிறது.

இதில் நிற்கும் காரைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஒரு கார் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 95 விழுக்காடு நேரம் சும்மா நிற்கிறது. அதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. வீட்டில் ஓரிடம், வேலை செய்யும் இடத்தில் ஓரிடம், கடைவீதியில் ஓரிடம் அதற்காகக் காத்திருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே கேள்விக்குச் செலவிட்டார். இலவச பார்க்கிங் என்று எதுவும் கிடையாது, வாடகையிலும் பொருள்களின் விலையிலும் ஒளிந்துகொண்டு அதன் செலவு காரே இல்லாதவர்மீதும் விழுகிறது என்பது அவர் காட்டிய உண்மை. இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்தும் இடம் கட்டாயம் என்று அமெரிக்க நகரங்களில் விதி வைத்திருந்தார்கள். பஃபலோ நகரம் 2017இல் அந்தக் கட்டாயத்தை நகர் முழுவதும் நீக்கியது. ஜப்பானோ 1962லேயே வேறு பாதையில் போனது. தெருவுக்கு வெளியே கார் நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைக் காட்டினால்தான், பெரும்பாலான பகுதிகளில் காரைப் பதிவு செய்ய முடியும். அங்குள்ள குறுகலான தெருக்களில் குழந்தைகள் தனியாக நடந்து போவதற்கு இந்த ஒரு சட்டமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஓரத்தில் கார்கள் வரிசையாக நிற்காத தெருவில், ஓட்டுபவருக்குக் குழந்தை தெரிகிறது.

நெரிசல் வந்தால் சாலையை அகலப்படுத்துவது இயல்பாகத் தோன்றும் வழி. 1962இலேயே ஆண்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இது ஏன் நிலைக்காது என்று எழுதினார். சாலை காலியானதும், நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்தில் போனவர், வேறு பாதையில் போனவர், ரயிலில் போனவர் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். கொஞ்ச காலத்தில் ஊருக்கு வெளியே வீடு வாங்குவதும் சரியாகத் தோன்றுகிறது. 2011இல் டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, பெருநகரச் சாலையின் நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டினார்கள்.

இதன் மறுபக்கம் தென் கொரியாவின் தலைநகர் சியோலில் தெரிந்தது. நகரின் நடுவே ஓடிய சியோங்கியேசியோன் என்ற ஓடையை மூடி, அதன்மேல் உயர்சாலை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். 2003இல் அதை இடித்து, 2005இல் ஓடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடிய சாலை அது. நகரமே நின்றுவிடும் என்று பலர் அஞ்சினார்கள், நிற்கவில்லை. இடையில் 2004இல் பஸ் சேவையை அடியோடு சீரமைத்து, சாலை நடுவே பஸ்களுக்குத் தனித் தடம் கொடுத்திருந்தார்கள். இதைச் சொல்லாமல் ஓடையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமாகாது. ஓடைக்கரையில் வெப்பமும் பக்கத்துச் சாலைகளைவிடச் சில டிகிரி குறைந்தது. வெயில் காலத்தில் ஒருவர் நடப்பாரா மாட்டாரா என்பது பல சமயம் அந்தச் சில டிகிரியில்தான் இருக்கிறது.

மின்சாரக் கார் வந்துவிட்டதே, அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். அது நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது. மின்மோட்டாரோ தனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குச் சேர்க்கிறது. புகைக்குழாய் இல்லாததால் தெருவில் நிற்பவரின் மூச்சுக்கும் நல்லது. ஆனால் மியூன்ஸ்டர் படத்தில் அந்த 60 கார்களையும் மின்சாரக் கார்களாக மாற்றினால் படத்தில் எதுவும் மாறாது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை நகர்த்த ஒன்றரை, இரண்டு டன் இரும்பும் மின்கலமும் கூடவே நகர்கின்றன. டயர் தேய்வதும் நிற்காது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர ஓடைகளில், மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் ஏன் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன என்று பல ஆண்டுகள் தேடினார்கள். டயர் ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து நஞ்சாவதே காரணம் என்று 2020இல் வெளியான ஆய்வு கண்டது. ஆகவே மின்சாரம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சீனாவின் ஷென்ஸென் நகரம்தான். 2017 முடிவதற்குள் அங்கே 16,000க்கும் மேற்பட்ட பஸ்கள், அதாவது நகரின் முழு பஸ் அணியும் மின்சாரத்துக்கு மாறிவிட்டது.

நடப்பவர்

பஸ்ஸில் போகும் ஒவ்வொருவரும் முதலில் நடப்பவர். நிறுத்தம் வரை நடக்க முடியாவிட்டால், எவ்வளவு நல்ல பஸ்ஸும் அவருக்கு இல்லாததே. இதை மறந்துவிட்டுத்தான் பல திட்டங்கள் போடப்படுகின்றன.

சாலையைக் கடக்கும் சிக்னலை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளில், ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துப் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிட்டு வந்தார்கள். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடையை அளந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வேகத்தில் நடப்பதில்லை என்று தெரிந்தது. சராசரி விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. நடுச் சாலையில் நிற்கும்போதே விளக்கு மாறிவிடும் அனுபவம் அவர்களுக்கு அன்றாடம். அப்படி இரண்டு முறை பயந்தவர் மூன்றாம் முறை வீட்டைவிட்டுக் கிளம்புவதைக் குறைத்துக்கொள்கிறார். விபத்துக் கணக்கில் அவர் வருவதே இல்லை, ஏனென்றால் அவர் தெருவுக்கே வரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் நடப்பவர்கள், சைக்கிளிலும் இருசக்கர வண்டியிலும் போகிறவர்கள். வேகம் இதில் முக்கியக் காரணம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டியிடம், 30இல் வரும்போது இருப்பதைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு மோதும் ஆற்றல் இருக்கிறது. 30இல் மோதப்பட்டவர் பெரும்பாலும் பிழைக்கிறார். சாலைச் சாவு ஒன்றைக்கூட ஏற்க முடியாது என்பதை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் கொள்கையாகவே ஏற்றது. ஹெல்சிங்கியும் ஓஸ்லோவும் குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் குறைத்தன, சந்திப்புகளைத் திருத்தின. 2019இல் இந்த இரண்டு தலைநகரங்களிலும் நடந்து சென்றவர் ஒருவர்கூட விபத்தில் சாகவில்லை.

உயிர்ச் சேதத்தையும் புகையையும் தாண்டி இன்னொரு இழப்பு உண்டு. அதை அளக்க முடியும் என்று காட்டியவர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர். 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை அவர் தேர்ந்தெடுத்தார். வீடுகளும் வசிப்பவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஒன்றில் நாளுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வீடு வீடாகப் போய், உங்களுக்கு இந்தத் தெருவில் யார் யாரைத் தெரியும், உங்கள் இடம் என்று எதுவரை நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 6.3 அறிமுகங்கள். வண்டி மிகுந்த தெருவில் 0.9 நண்பர், 3.1 அறிமுகம். இவற்றை அவர் கோடுகளாக வரைந்தார். முதல் தெருவின் வரைபடத்தில் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நூலால் நெய்ததைப் போலக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மூன்றாவதில் சாலையைக் கடக்கும் கோடுகள் சிலவே. முதல் தெருவில் இருந்தவர்கள் தெரு முழுவதையும் தம் வீடு போல் பேசினார்கள். மூன்றாவதில் பலருக்கு வீட்டுக் கதவோடு தம் இடம் முடிந்துவிட்டது. சிலர் தெருப் பக்க அறையில் இருப்பதையே விட்டுவிட்டார்கள்.

இதை முதன்முதலில் படித்தபோது நான் வாழ்ந்த தெருக்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யாருடைய பெயரெல்லாம் தெரிந்திருந்தது, யாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடிந்தது என்று எண்ணினேன். அதுவரை அதை மனிதர்களின் குணம் என்று நினைத்திருந்தேன். தெருவில் ஓடிய வண்டிகளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கிறது. ஆப்பிள்யார்ட் 1982இல் ஏதென்ஸ் நகரில், அதிவேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. பயணம் என்றாலே காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புவது என்றுதான் வெகுகாலம் கணக்கெடுத்தார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, வயதானவரைப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போய், திரும்பும்போது கடையில் நின்று வரும் ஒருவரின் நாள், பட்டியல்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. இதைப் பராமரிப்புப் பயணம் என்று ஒரே தலைப்பில் சேர்த்துக் காட்டியவர் மாட்ரிட்டின் இனெஸ் சாஞ்செஸ் தெ மதாரியாகா. பெரும்பாலும் பெண்கள் செய்யும் பயணம் இது. அப்படிச் சேர்த்துப் பார்த்தால், வேலைக்குப் போகும் பயணத்துக்குச் சற்றும் குறையாத பெரிய பங்காக அது எழுந்து நிற்கிறது. நகர மையத்துக்கு நேராகப் பாயும் ரயில் இந்தப் பயணத்துக்கு அவ்வளவாக உதவாது. பக்கத்திலேயே பள்ளி, பக்கத்திலேயே மருந்துக்கடை, இடையில் உடையாத நடைபாதை என்பதுதான் உதவும்.

அங்கேதான் தூரம் வந்து நிற்கிறது. 1990 வாக்கில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 25 லட்சம் பேர், ஸ்பெயினின் பார்சிலோனாவில் 28 லட்சம் பேர். அட்லாண்டாவில் கட்டடங்கள் பரவியிருந்த நிலப்பரப்பு 4,280 சதுர கிலோமீட்டர், பார்சிலோனாவுடையது 162. கிட்டத்தட்ட அதே அளவு மக்கள் 26 மடங்கு நிலத்தில் பரவிக் கிடந்தார்கள். அந்தப் பரப்பில் எந்த நிறுத்தத்தைச் சுற்றியும் நடந்து வரும் தூரத்தில் போதிய ஆட்கள் இருக்க மாட்டார்கள். எவ்வளவு நல்லெண்ணம் கொண்ட பஸ் நிர்வாகத்தாலும் அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட இயலாது. நெருங்கி வாழ்வது என்றால் வானுயர்ந்த கோபுரங்கள் என்று அஞ்சத் தேவையில்லை. பார்சிலோனாவின் பெரும்பகுதி ஆறேழு மாடிக் கட்டடங்கள்தான்.

எதிர்ப்பும் பழக்கமும்

நெதர்லாந்தைப் பற்றிப் பேசினால், அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். வரலாறு அப்படி இல்லை. 1950களிலும் 60களிலும் அங்கே சைக்கிள் வேகமாகக் குறைந்தது. கார்களுக்காகத் தெருக்களை இடித்து அகலமாக்கினார்கள். 1971இல் மட்டும் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயர். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் சில வாரங்கள் ஞாயிறுதோறும் காருக்குத் தடை வந்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போனார்கள். பாதுகாப்பான சைக்கிள் பாதைகள் அதற்குப் பிறகுதான், ஆண்டுக்கணக்கில், தெருத் தெருவாகப் போராடி வந்தன. இன்று அந்நாட்டுப் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சைக்கிளில் நடக்கிறது.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரியில், நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு ஏழு மாதச் சோதனையாகக் கட்டணம் விதித்தது. தொடங்கும்போது பெரும்பாலோர் எதிர்த்தார்கள். முதல் நாளிலிருந்தே எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன. கூடவே பஸ்களும் கூட்டப்பட்டிருந்தன. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் குறுகிய பெரும்பான்மையில் நகரம் அதை ஏற்றது, 2007இல் அது நிரந்தரமானது. அடுத்த ஆண்டுகளில் ஆதரவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அந்தத் திட்டத்தை உடனிருந்து ஆராய்ந்த யோனாஸ் எலியாசன் ஒன்றைக் கவனித்தார். பின்னாளில் கேட்டபோது, முன்பு எதிர்த்தவர்களில் பலர், தாங்கள் முதலிலிருந்தே ஆதரித்ததாகவே நம்பினார்கள்.

குறைந்துபோன அந்த 20 விழுக்காட்டு ஓட்டுநர்கள் எங்கே போனார்கள் என்றும் ஆய்வாளர்கள் தேடினார்கள். சிலர் பஸ்ஸுக்கு மாறியிருந்தார்கள். சிலர் இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டார்கள், சிலர் பக்கத்திலேயே இருந்த வேறிடத்துக்குப் போனார்கள். ஆனால் நேரில் கேட்டால், நீங்கள் பயணத்தை மாற்றிக்கொண்டீர்களா என்ற கேள்விக்கு அவர்களில் பலர் இல்லை என்றே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காலையில் கதவருகே நின்ற அந்தச் சில விநாடிகளில் ஒரு நாள் கை சாவியைத் தொடாமல் வந்திருக்கிறது, மறுநாளும் அப்படியே. அதை ஒரு முடிவு என்று அவர்கள் நினைத்துக்கொள்ளவே இல்லை.